வாகனம்: உண்டு

அன்று அந்த வாடிக்குள், கடற்கரையில் வலையும் சாமானும் வைக்கிற கொட்டகைக்குள், நின்றவர்கள் ஆறு பேர். காரை விற்றவர், அதாவது சிலாவத்துறையில் கடலட்டை வாங்கி விற்கிற நானா. அவருடைய மனைவி, அவர் தேத்தண்ணீர்த் தட்டோடு முதலில் வாசல்வரை மட்டுமே வந்தார், ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்தார், ஆகவே அவரையும் சேர்க்கிறேன். வாடிக்குக் காவல் இருந்தவர். என் மனைவி. மனைவியின் தமையன், தன் உழவு மெஷினோடும் அது பின்னால் இழுக்கிற பெட்டியோடும். பிறகு நான். இதற்குமேல் ஒருவரும் இல்லை.

எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அடம்பன் சந்தையில் அந்தக் கதையை நேரில் கண்டதாகச் சொல்பவர்களைக் கூட்டினால் ஒரு பஸ் காணாது. நான் இஞ்சினை ஒளித்துவைத்து நானாவை ஏமாற்றினேன் என்கிறார்கள். கனடாவில் இருந்து காசு வந்தது என்கிறார்கள். எனக்குக் கனடாவில் ஒருவரும் இல்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் மேலே சொன்ன ஆறு பேரில் எவரிடமும் போய்க் கேட்கலாம். ஆறு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

நான் பயந்தவன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவைப் பூட்டிவிட்டுப் படலைவரை போய்த் திரும்பிவந்து இழுத்துப் பார்ப்பவன். அடையாள அட்டையின் பிரதி மூன்று, பதிவுத் துண்டுகள், முகாமில் தந்த அட்டை, காணிக் கடிதம், எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கும். கிணற்றடிக்குப் போனாலும் அந்தப் பை எங்கே என்று ஒருமுறை நினைத்துக்கொள்வேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறியபோது என் படிப்பு நின்றது. அதே பள்ளிக்கூடத்தில், நான் இருந்து படித்த வகுப்பறையிலேயே, நாங்கள் ஏழு மாதம் குடியிருந்தோம். அதற்குப் பிறகு எத்தனை இடம் மாறினோம் என்று கணக்குச் சொல்ல வரவில்லை. போன இடமெல்லாம் தண்ணீர் இறைக்கிற மெஷின் திருத்தினேன். அதுதான் என் தொழில்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, வயல் வேலை இல்லாத மாதங்களில் சிலாவத்துறைக்குப் போய் நானாவின் படகு இஞ்சின்களையும் திருத்திக் கொடுத்தேன். அவரும் திரும்பி வந்தவர்தான். வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், இருபது வருஷம் புத்தளத்தில் இருந்துவிட்டு, காடு பிடித்துக் கிடந்த தன் காணிக்கு வந்து கடலட்டை வியாபாரம் தொடங்கியிருந்தார். கூலியைப் பிடித்து வைத்திருப்பார், ஆனால் மறக்கமாட்டார். அப்படிச் சேர்ந்து ஒன்றரை லட்சம் நின்றது. காசு கேட்கப் போன ஒரு நாள்தான் அவர் வாடியின் மூலையில் கிடந்த வலைகளை விலக்கி அதைக் காட்டினார்.

சிவப்பு. இரண்டு பேர் இருக்கிற கார். என் இடுப்பளவு உயரம்கூட இல்லை. கொழும்பில் ஒரு பெரிய முதலாளியின் மகன் ஓடியதாம். முதலாளி கடலட்டைக் காசைக் கட்ட முடியாமல் இதை லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். "இத்தாலியில செஞ்சதாம் தம்பி," என்றார் நானா. "ரெண்டு வருஷமாக் கெடக்கு. ஓடாது. எனக்கு உள்ள ஏறினா எறங்க ரெண்டு ஆள் வேணும். உங்க மதினி இதுக்கு வெச்ச பேர் அட்டக் கார்."

நான் அன்று காசையும் கேட்காமல் வீட்டுக்கு வந்தேன். எட்டு நாள் சரியான நித்திரை இல்லை.

அதை ஏன் வாங்கினாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான். அதுவரை என் வீட்டுக்குள் வந்த எந்தச் சாமானும் நான் ஆசைப்பட்டு வந்தது இல்லை. வாளி, பாய், நுளம்புவலை, மண்வெட்டி, இரண்டு சட்டி, ஒரு தறப்பாள். எல்லாம் யாரோ எழுதிய பட்டியலில் இருந்து வந்தவை. வரிசையில் நின்று, பெயர் வாசித்ததும் கையெழுத்து வைத்து எடுத்தவை. என்ன நிறம் வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. இந்தக் கார் எந்தப் பட்டியலிலும் இல்லை. அது எனக்குத் தேவையில்லை. தேவையில்லாத ஒன்றை வாங்குவதற்கு எனக்கு நாற்பத்தொரு வயதுவரை உரிமை இருக்கவில்லை.

இதை மனைவியிடம் இந்த அளவுக்கு ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. "அந்தக் காரை வாங்குவமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"விசரே உங்களுக்கு? கூரை இல்லாத வீட்டுக்குக் காரோ?"

வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குச் சுவர் எழும்பியிருந்தது. பகுதி பகுதியாகத் தருகிற காசில் கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. ஐம்பதாயிரம். அது வந்தால் ஓடு போடலாம் என்றுதான் பக்கத்தில் கொட்டிலில் இருந்தோம். நான் பொலித்தீன் பையை அவிழ்த்துக் கடிதத்தைக் காட்டினேன். "கூரைக்குக் காசு வருது. எழுத்திலை இருக்கு. இது இரண்டு காலபோகத்து நெல்லுக் காசு. எங்கடை சொந்தக் காசு."

அவள் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். "மாரிக்கு முன்னம் ஓடு போடவேணும். இல்லாட்டி உங்களையும் காரையும் மழையிலை விடுவன்," என்றாள். அதுதான் சம்மதம்.

நானா சொன்ன விலை ஐந்து லட்சம். என் கூலி ஒன்றரையைக் கழித்தால் மூன்றரை கொடுக்க வேண்டும். கையில் இருந்தது இரண்டு. குறைத்துக் கேட்பது எப்படி என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு, மனைவியோடு மச்சானின் உழவு மெஷின் பெட்டிக்குள் குந்தியிருந்து போனேன்.

வாடிக்குள் போனதும் மச்சான் கேள்வி இல்லாமல் காரின் முன்மூடியைத் தூக்கினார். பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"மச்சான், இஞ்சினைக் காணேல்லை!"

உண்மைதான். உள்ளே ஒரு வெறும் பள்ளம். ஒரு சில்லு படுத்திருந்தது, மூலையில் ஒரு செத்த நண்டு கிடந்தது.

"இஞ்சின் இல்லாததையோ வாங்க வந்தனீங்கள்?" என்றாள் மனைவி.

நானா தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ். கழட்டிட்டு அனுப்பிருக்கான் பாருங்க. ரெண்டு வருஷம் நான் தொறந்தே பாக்கல்லியே." காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர் உடனே, "எனக்குத் தெரியா, நான் வலைக்குத்தான் காவல்," என்றார். வாசலில் தட்டோடு நின்ற நானாவின் மனைவி ஒரு சிரிப்புச் சிரித்தார். அதுதான் அந்த மனுசனை அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

"தம்பி, தெரியாம வெல சொல்லிட்டேன்," என்றார். "இஞ்சின் இல்லாத சாமானுக்கு அஞ்சு லட்சம் வாங்கினா எனக்கு ஹராம். உங்க கூலியோட சேத்து மூணரை. அதுக்கும் இஷ்டம் இல்லாட்டி விடுங்க, கூலிய இப்பவே தாறன்."

கூலி போக இரண்டு லட்சம். என் கையில் இருந்த காசு சரியாக அவ்வளவுதான். ஆனால் இஞ்சின் இல்லாத காரை என்ன செய்வது? நான் சுற்றி வந்தேன். யோசனை பிடித்தால் எதையாவது சுற்றி வருவது என் பழக்கம். இருக்கைகளுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே, சரிவான ஒரு மூடி இருந்தது. அதன் விளிம்பில் பழைய எண்ணெய் மணம். தண்ணீர் மெஷினோடு கிட்டத்தட்ட முப்பது வருஷம் புழங்கிய மூக்குக்கு அது தப்பாது. பூட்டு உப்பில் இறுகியிருந்தது. திருப்புளியால் நெம்பினேன்.

உள்ளே முழு இஞ்சினும் இருந்தது. குறுக்காகப் படுத்துக் கிடந்தது. நான்கு காபரேற்றர்.

மற்றவர்கள் முன்பக்கத்தில் நின்று கொழும்பு முதலாளியை ஏசிக்கொண்டிருந்தார்கள். மூடியை மெல்ல இறக்கிவிட்டு, காசைக் கொடுத்து, கொண்டுபோயிருக்கலாம். ஊர்க்கதையில் நான் அதைத்தான் செய்தேன். உண்மையில் நடந்தது வேறு. அந்த மூடியை இறக்கினால் இன்னும் எத்தனை வருஷம் நித்திரை வராது என்று ஒரு கணக்குப் பார்த்தேன். கட்டாது.

"நானா, இஞ்சின் பின்னுக்குக் கிடக்கு."

எல்லோரும் ஓடி வந்தார்கள். நானா எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மச்சான் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உனக்கு வாயிலை பூட்டு இல்லையே?" என்றார்.

"மூணரை எண்டு சொல்லிட்டேன்," என்றார் நானா. "சொன்ன வாய் சொன்னதுதான். ஆனா தம்பி, இஞ்சினைப் பின்னுக்கு வெச்சவன் ஏன் வெச்சான்?"

"முன்னுக்கு நண்டு வைக்கவாக்கும்," என்றாள் என் மனைவி. நானாவின் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

காசு கைமாறியது. நான் இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன். பெயர் மாற்றுகிற பத்திரத்தை என் பெயருக்கே எழுதச் சொன்னேன். மச்சான் வேண்டாம் என்றார். பெயர் போடாத பத்திரத்தோடே காலம் முழுக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், பெயர் இருந்தால் வீண் கேள்வி வரும் என்றார். எனக்கு அந்தத் துணிவு இல்லை. எழுத்தில் இல்லாதது எந்த நேரமும் பறிபோகும் என்று படித்தவன் நான். முழுப் பெயரும் எழுதுவித்தேன்.

கயிறு கட்டி இழுக்கலாம் என்று மச்சான், சேற்றில் புதைந்த மெஷினுக்குக் கட்டுவதுபோல முன்னால் கட்டி ஒரு இழுவை இழுத்தார். முன் பம்பர் மட்டும் அவரோடு போனது. அது பிளாஸ்ரிக். பிறகு பெட்டியைப் பின்னால் எடுத்து வாடியடி மணல் அணையோடு ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு, ஆறு பேரும் சேர்ந்து காரைப் பெட்டிக்குள் தள்ளினோம். ஆம், நானாவின் மனைவியும் தள்ளினார். சட்டி பானையும் கோழியும் காய்ச்சலில் கிடந்த மாமியாருமாக ஊர் ஊராக நாங்கள் ஓடிய அதே பெட்டி. அதற்குள் அந்தச் சிவப்புக் கார் பம்பர் இல்லாமல் இருந்தது. நானும் மனைவியும் காருக்குள் ஏறி இருந்துகொண்டோம், பெட்டிக்குள் வேறு இடம் இல்லை.

வழியில் கடற்படைக் காவலடியில் மறித்தார்கள். நான் பொலித்தீன் பையோடு குதித்து இறங்கினேன். அடையாள அட்டை, பதிவு, காணிக் கடிதம், வீட்டுத்திட்டக் கடிதம் என்று ஒவ்வொன்றாக நீட்டினேன். அந்தப் பையன் ஒன்றையும் வாங்கவில்லை. "லஸ்ஸனய்," என்றான் சிங்களத்தில். அழகாக இருக்கிறதாம். மற்றவனைக் கூப்பிட்டு, காருக்குப் பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். கடதாசி எல்லாம் கையில் விரித்துப் பிடித்தபடி வெயிலில் நின்றேன். காவலடியில் என் பொருளைப் பார்த்து ஒருவன் ஆசைப்பட்டது அதுதான் முதல் தரம். பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இனி எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வீடு பார்க்கக் கந்தோர் ஆள், அதாவது வீட்டுத்திட்ட அலுவலர், வருகிறார் என்று தெரிந்தால், வசதியானவர்கள் என்று காசை நிறுத்திவிடாதபடி, அவர் வருவதற்கு முன் சாமான்கள் வேலி தாண்டும். பார்த்து முடிந்த வீட்டுக்கு, பார்க்க இருக்கிற வீட்டின் தொலைக்காட்சி போகும். மோட்டார் சைக்கிள் பனங்கூடலுக்குள் போகும். ஒருமுறை அயல்வீட்டுக் குளிர்ப்பெட்டி மீனோடு எங்கள் கொட்டிலுக்குள் ஒரு பகல் முழுக்க இருந்தது. இதைக் களவு என்று நாங்கள் எவரும் நினைத்ததில்லை. உள்ளதை இல்லை என்று காட்டுவது நாங்கள் பிழைத்த விதம். இருபது வருஷமாக யார் வந்து கேட்டாலும் இல்லை என்றே சொன்னோம். மெஷின் இருக்கா, இல்லை. எண்ணெய் இருக்கா, இல்லை. வீட்டில் வேறு ஆள் இருக்கா, இல்லை.

கார் வந்து மூன்றாவது கிழமை, கந்தோர் ஆள் நாளைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. சிவப்புக் காரை எந்த வேலி தாண்டுவது? தறப்பாளால் மூடி, மேலே வைக்கோலைக் குவித்து, பார்வைக்கு ஒரு வைக்கோல்போர் செய்தோம். மச்சான் தூர நின்று பார்த்து, "நல்லாயிருக்கு," என்றார். விடியப் பார்த்தால் மாடுகள் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டன. தறப்பாள் சரிந்து, காரின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூடுவதற்குள் மோட்டார் சைக்கிள் படலையடிக்கு வந்துவிட்டது.

கந்தோர்க்காரர் இளம் ஆள். மரியாதையானவர். சுவரைத் தட்டிப் பார்த்தார், கதவு நிலையை அளந்தார், எல்லாம் சரி என்றார். பிறகு கையிலிருந்த தாள் கோவையைத் திறந்து கடைசித் தாளுக்கு வந்தார். அதில் ஒரு வரி, வாகனம். பக்கத்தில் உண்டு, இல்லை. பேனை தானாகவே இல்லைக்கு மேலே போனது. அந்த நேரம்தான் அவர் கண் வைக்கோல் பக்கம் திரும்பியது.

அவர் நடந்து போய்த் தறப்பாளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி என்னிடம் வந்தபோது முகத்தில் கோபம் இல்லை.

"அண்ணை, நீங்கள் மெக்கானிக்தானே?"

"ஓம் சேர்."

"திருத்தக் கொண்டுவந்து விட்ட வாகனமாக்கும்?"

அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். எனக்கு அது விளங்கியது. இன்னொரு ஓம் சொன்னால் போதும். பேனை இல்லையில் ஒரு கோடு போடும், ஐம்பதாயிரம் வரும், ஓடு போடலாம். மனைவி கொட்டில் வாசலில் நின்று என்னையே பார்த்தாள். பொய் சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன்.

ஆனால் அந்தக் கார் மட்டுமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று பட்டது. இல்லை என்று சொன்னால் அதுவும் மற்றச் சாமான்களைப் போலத்தான், யாரோ தந்து நான் வைத்திருக்கிற ஒன்று.

"என்ரை," என்றேன்.

"அண்ணை, நான் என்ன கேக்கிறன் எண்டு விளங்குதோ?"

"விளங்குது சேர். பத்திரம் என்ரை பேரிலை இருக்கு. உண்டு எண்டு போடுங்கோ."

அவர் மனைவியைப் பார்த்தார். அவளாவது மறுப்பாள் என்று நினைத்தாரோ தெரியாது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"சிவப்பு எண்டும் போடுங்கோ சேர்."

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. கார் வைத்திருக்கிற காரணத்தால் கடைசிப் பகுதி நிறுத்தப்பட்டு விசாரணையில் இருக்கிறது. ஊரே வந்து துக்கம் விசாரித்தது. "ஒரு ஓம் சொல்ல ஏலாமல் போச்சே" என்றார்கள். மச்சான் பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த மாரிக்கு ஓடு இல்லை. பழைய தகரத்தை வாங்கி ஒரு அறைக்கு மட்டும் அடித்தோம். மழை பெய்தால் அதற்குள் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. என் மனைவி அந்த நேரங்களில்தான் எனக்கு ஏசுவாள். ஒன்றும் கேட்கவில்லை என்று நான் கையைக் காட்டுவேன். அவளை மழையிலும் தகரத்திலும் வைத்தேன் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நான் அவளிடம் மட்டும்தான் தலை குனிவேன்.

அந்த மாரி முழுக்கக் காரைத் திருத்தினேன். முதல் ஒன்றரை மாதம் பிரேக். ஓடாத காருக்கு முதலில் பிரேக் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எண்ணெய்க் குழாய் படகு இஞ்சினுடையது. தண்ணீர்க் குழாய் வயல் மெஷினுடையது. பம்பரைக் கம்பியால் கட்டினேன். மூடி திறந்து எழும்புகிற முன்விளக்குகளில் ஒன்றுதான் எழும்பும். மற்றது இன்றுவரைக்கும் நித்திரை. ஒரு நாள் விடிய இஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்துக்கு அயலில் இரண்டு வீட்டார் வெளியே ஓடி வந்தார்கள், பழைய பயத்தில். நானும்தான் ஒரு கணம் குனிந்துவிட்டேன்.

முதல் ஓட்டம் மாவட்ட அலுவலகமான மன்னார்க் கச்சேரிக்கு. காசு கேட்க. மனைவி நல்ல சேலை கட்டி, பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். வேகம் காட்டுகிற மணிக்கூட்டில் முந்நூறுவரை எழுதியிருந்தது. நான் நாற்பதைத் தாண்டவில்லை. தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டிக் கடல்பாலத்தில் ஒரு நெல்லு லொறி கோர்ன் அடித்து முந்திக்கொண்டு போனது. "இன்னும் கொஞ்சம் மெல்லப் போனால் நடந்து போறவையும் முந்துவினம்," என்றாள். இரண்டு பக்கமும் கடல். நான் ஸ்ரியறிங்கை விட்டுக் கையெடுக்கவில்லை. பட்டணத்துக்குள் கழுதைகள் வீதியை மறித்து நின்றன. நிறுத்தினேன். ஒரு கழுதை குனியத் தேவையில்லாமல் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்தது.

கச்சேரி முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது ஜன்னல்களெல்லாம் தலை. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"அந்தக் காரிலை வந்தோ வீட்டுக் காசு கேக்கிறியள்?"

"பஸ்ஸிலை வந்தால் தருவியளோ மிஸ்?" என்றாள் மனைவி.

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். நான் பையை அவிழ்த்தேன். வாகனம் வைத்திருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது பட்டியலுக்கு ஆள் எடுக்கிறபோது உள்ள விதி. அதை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன். பட்டியலில் என் பெயர் ஏறிய அன்று என்னிடம் ஒரு சைக்கிளும் இல்லை. நான்கு பகுதி தந்த பிறகு, என் வயலில் விளைந்த நெல்லின் காசில் நான் என்ன வாங்கினேன் என்பது அந்த விதிக்குள் வராது. விரலை வைத்து வரி வரியாகக் காட்டினேன். அவர் வாசித்தார். இன்னொருவரைக் கூப்பிட்டு வாசிப்பித்தார்.

"நீங்கள் சொல்லுறது சரி மாதிரித்தான் கிடக்கு," என்றார் கடைசியில். "ஆனா விசாரணை முடியவேணும். காரை வித்துப்போட்டு ஒரு கடிதம் தந்தால் கெதியாய் முடியும்."

"விக்கமாட்டன்," என்றேன். "அதை எழுத்திலை தாங்கோ."

தந்தார்கள். விசாரணையில் இருக்கிறது என்று எழுதி, முத்திரை குத்தித் தந்தார்கள். பைக்குள் வைத்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை போகிறேன். இடைக்கிடை மனைவியும் வருவாள். காவலாளி இப்போது இடம் விட்டுத் தருகிறார். பெற்றோல் செலவை மனைவி சொல்லிக் காட்டுவாள், பிறகு அவளே போய் முன் கண்ணாடியைத் துடைப்பாள். அடுத்த அறைக்கு நெல்லுக் காசில் ஓடு போட்டுவிட்டோம். பாதி ஓடு, பாதி தகரம். காரை விற்றுவிடச் சொல்பவர்கள் இப்போதும் வருகிறார்கள். வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, போகிறபோது ஒருமுறை உள்ளே ஏறி இருந்து பார்க்கலாமோ என்று கேட்கிறார்கள்.

நானாவுக்கு நான் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. அவர் எனக்கும் இல்லை. எங்கள் கணக்கு அன்றைக்கே ஆறு பேர் முன்னிலையில் முடிந்தது. முடியாதது ஒன்றுதான். எனக்கு இன்னும் வரவேண்டியது ஐம்பதாயிரம் ரூபாய்.